வேகமான காருக்கு எந்த கிரேடு இன்ஜின் ஆயில்? பெங்களூருவில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் கார் ஆர்வம் உள்ள நம்ம ஆட்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு எப்படியும் இன்ஜின் ஆயிலில் வந்து நிற்கும். ஒருவர் டர்போ காருக்கு ஸ்டேஜ் 1 ரீமேப் (பவரை ஏற்ற இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவதில் முதல் படி) போட்டிருப்பார், கம்பெனி சொன்ன 5டபிள்யூ-30 இனிமேலும் போதுமா என்று அவருக்குச் சந்தேகம். இன்னொருவர் "பேசாம 10டபிள்யூ-60 ஊத்திடு மச்சான், பெரிய பெரிய காரெல்லாம் அதுலதான் ஓடுது" என்பார். கராஜில் கேட்டால் "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாண்ணா நல்லது" என்று பதில் வரும். மூவருமே முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. நீங்கள் ஓட்டுகிற விதத்தில், உங்கள் இன்ஜினுக்குள் ஆயில் எத்தனை டிகிரி வரை சூடாகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் கிரேடு பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். தெரியாமல் எடுக்கும் முடிவு, எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலாக இருந்தாலும், குருட்டாம்போக்குதான்.

ஊர் வெயிலைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். வெளியே 22 டிகிரி இருந்தாலும் 36 டிகிரி இருந்தாலும் கூலன்ட்டின் சூட்டை தெர்மோஸ்டாட் ஒரு அளவில் பிடித்து வைத்திருக்கும், ஆயிலும் சாதாரண ஓட்டத்தில் அதை ஒட்டியே 90, 100 டிகிரியில் நிற்கும். வெயிலால் கொஞ்சம் வித்தியாசம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறீர்கள் என்பதால் வரும் வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

டப்பாவில் இருக்கும் இரண்டு எண்கள்

5டபிள்யூ-40 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலையிலிருந்து வருகின்றன. டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது, அதற்கு முன்னால் இருக்கும் எண் கடும் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30லும், 10டபிள்யூவை மைனஸ் 25லும், 15டபிள்யூவை மைனஸ் 20லும் வைத்து, இன்ஜின் சுற்ற முடியாத அளவுக்குக் கெட்டியாகிறதா என்று சோதிப்பார்கள். பெங்களூருவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியின் 7.8 டிகிரிதான். அதனால் முதல் எண் 0 ஆ 5 ஆ என்பதற்காக இங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் மாதக் காலையில் 15 டிகிரியில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும், அது எந்தக் கிரேடாக இருந்தாலும் சரி. 0டபிள்யூ-20 கூட அந்த நிலையில் கெட்டி ஆயில்தான். அதனால்தான் அதிகாலையில் நந்தி ஹில்ஸ் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது, முதல் பத்துப் பதினைந்து நிமிடம் டர்போவுக்கு வேலை கொடுக்காமல் மெதுவாக ஓட்ட வேண்டும். மீட்டரில் கூலன்ட் முள் நடுவில் வந்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள், ஆயில் அதற்குப் பல நிமிடம் கழித்துத்தான் சூட்டுக்கு வரும்.

இரண்டாவது எண்தான் வேகமான காருக்கு முக்கியம். இது 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, எந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் வரை, 30 என்றால் 9.3 முதல் 12.5, 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9, 60 என்றால் 21.9 முதல் 26.1. இந்த வரம்புகள் எவ்வளவு அகலமானவை என்று பாருங்கள். 12.3 இருக்கும் ஒரு 30 கிரேடு ஆயிலும் 12.7 இருக்கும் ஒரு 40 கிரேடு ஆயிலும் ஏறக்குறைய ஒரே ஆயில்தான், ஆனால் 9.5 இருக்கும் 30க்கும் 12.3 இருக்கும் 30க்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. டப்பாவின் முகப்பில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு நல்ல கம்பெனியும் தன் ஆயிலுக்கு டெக்னிக்கல் டேட்டா ஷீட் வெளியிடுகிறது, இரண்டு பக்கம்தான் இருக்கும், போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைப் பார்க்காமல் ஆயில் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முகப்பில் எழுதாத ஒரு எண்

டேட்டா ஷீட்டில் நீங்கள் முதலில் தேட வேண்டியது ஹெச்டிஹெச்எஸ் என்ற வரி. 150 டிகிரி சூட்டில், மிக அதிக வேகத்தில் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே ஆயிலை நசுக்கி அரைக்கும்போது அதன் பாகுத்தன்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பது இது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கிலும் பிஸ்டன் ரிங்கிலும் முழு வேகத்தில் ஆயிலுக்கு நடப்பது ஏறக்குறைய இதுதான். 100 டிகிரி எண், ஆயில் தன் எடையால் ஒரு குழாய் வழியாக வழியும்போது எடுத்த அளவு, அங்கே அழுத்தமும் இல்லை, அரைப்பும் இல்லை.

இந்த இரண்டு அளவுகளுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்றால், இப்போதைய ஆயில்களில் சூடானாலும் நீர்த்துப்போகாமல் இருக்கப் பாலிமர்கள் கலக்கிறார்கள். நீளமான சங்கிலிபோன்ற மூலக்கூறுகள். பேரிங்கின் நெருக்கடியில் அந்தச் சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் நீட்டிப் படுத்துவிடும், அப்போது ஆயில் தற்காலிகமாக நீர்த்துப்போகும். நாளாக ஆகச் சில சங்கிலிகள் அறுந்தே போகும், அது நிரந்தர இழப்பு. அதனால் பாலிமர் நிறையப் போட்டுக் கிரேடை ஏற்றிய மலிவான ஆயிலும், அடிப்படை எண்ணெயே தரமாக இருப்பதால் பாலிமர் குறைவாகத் தேவைப்பட்ட ஆயிலும், வெளியே ஒரே 5டபிள்யூ-40 என்ற பெயரில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கலாம்.

ஜே300 விதிப்படி 20 கிரேடுக்கு ஹெச்டிஹெச்எஸ் குறைந்தது 2.6, 30க்கு 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 மூன்றுக்கும் 3.5, 15டபிள்யூ-40க்கும் 50, 60 கிரேடுகளுக்கும் 3.7 இருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள்தான். இங்கே ஐரோப்பியத் தரநிலையான ஏசிஇஏ நமக்கு உதவிக்கு வருகிறது. ஏ3/பி4 என்றோ சி3 என்றோ ஒரு ஆயில் மேல் எழுதியிருந்தால் அதன் ஹெச்டிஹெச்எஸ் 3.5க்குக் குறையாது, அது 5டபிள்யூ-30 ஆக இருந்தாலும்கூட. ஏ5/பி5 என்றிருந்தால் 2.9க்கும் 3.5க்கும் நடுவில். சி5 என்றால் 2.6க்கும் 2.9க்கும் நடுவில்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் பணத்தையும் மிச்சம் பிடிக்கும், இன்ஜினையும் காப்பாற்றும். ஒரு சி3 5டபிள்யூ-30, பேரிங்குக்குள் போன பிறகு ஒரு 40 கிரேடு ஆயிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெட்ரோல் சிக்கனத்துக்காகவே செய்த இன்னொரு 5டபிள்யூ-30 அதைவிட நன்றாக இளைத்துவிடுகிறது. ஆகவே "30 போட்டேன், ரேஸ் ட்ராக்கில் ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், எந்த 30 என்று கேட்காமல் அந்த அனுபவத்தை உங்கள் காருக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெட்டி என்றால் பாதுகாப்பா?

பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளின் காலத்தில், பேரிங் தேய்ந்து இடைவெளி அதிகமான இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் சத்தம் அடங்கும், புகை குறையும். அந்தப் பழக்கம்தான் இன்றும் கராஜ்களில் பேசுகிறது. இன்றைய டர்போ இன்ஜினின் நிலைமை வேறு. கேம் ஷாஃப்டின் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு, செயின் டென்ஷனர், ஹைட்ராலிக் லிஃப்டர், தேவைக்கேற்ப அளவை மாற்றும் ஆயில் பம்ப், பிஸ்டனுக்கு அடியில் ஆயிலைப் பீய்ச்சும் ஜெட்டுகள் என்று எல்லாமே ஆயில் இந்த வேகத்தில் வந்து சேரும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்தவை. ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் குளிர்ந்த நிலையில் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலின் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமலே திரும்பிவிடும். பிரஷர் மீட்டரில் முள் உயரத்தில் நிற்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும், ஆனால் பிரஷர் அதிகம் என்பதால் ஓட்டம் அதிகம் என்று ஆகிவிடாது. பேரிங்கைக் குளிரவைப்பது ஓட்டம்தான். இன்னொன்றும் இருக்கிறது, கெட்டியான ஆயிலைக் கிழித்துக்கொண்டு கிராங்க் சுற்றும்போது அந்த உராய்வே ஆயிலைச் சூடாக்கும், ஆகவே கிரேடை ஏற்றியவருக்கு ஆயில் வெப்பநிலையும் கொஞ்சம் ஏறியிருப்பதைக் கண்டு ஆச்சரியப்படத் தேவையில்லை.

அதற்காக மெல்லிய ஆயில்தான் எப்போதும் சரி என்றும் சொல்ல மாட்டேன். 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்றவை வந்ததற்கு எரிபொருள் சிக்கன விதிகள் ஒரு பெரிய காரணம். அந்த ஆயிலுக்காகவே செய்த இன்ஜினில், சாதாரண ஓட்டத்தில், அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஓட்டம் மாறினால் கம்பெனிகளே கிரேடை மாற்றுகின்றன. ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி8க்கு அமெரிக்காவில் 5டபிள்யூ-20 சொன்னார்கள், அதே இன்ஜின் குடும்பத்தில் ட்ராக்கை மனதில் வைத்து வந்த 2012ஆம் ஆண்டு பாஸ் 302க்கு 5டபிள்யூ-50. ஏழாம் தலைமுறை கார்வெட்டில் சாலைக்கு 5டபிள்யூ-30, ட்ராக்கில் ஓட்டும் நாளுக்கு 15டபிள்யூ-50, முடிந்ததும் மறுபடி பழையதற்கே மாற்றிவிடுங்கள் என்று மேனுவலிலேயே சொல்லியிருந்தார்கள். பிஎம்டபிள்யூவின் எஸ்54, எஸ்65 போன்ற எம் இன்ஜின்களுக்கு 10டபிள்யூ-60. அவை எட்டாயிரம் ஆர்பிஎம் வரை சுற்றும், அந்த ஆயிலுக்காகவே கம்பெனி முடிவெடுத்த இன்ஜின்கள். உங்கள் 1.0 லிட்டர் டர்போவுக்கு அந்த 60ஐ ஊற்றுவதற்கு இது எந்த விதத்திலும் நியாயம் ஆகாது.

உங்கள் ஓட்டம் எப்படி இருக்கிறது

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். பெரும்பாலான நாட்களில் உங்கள் கார் செய்வது அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, அல்லது பானஸ்வாடியிலிருந்து அவுட்டர் ரிங் ரோடு. சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது ஆயில் 100 டிகிரி பக்கத்தில் இருக்கும், இன்ஜினுக்கு அழுத்தம் கிடையாது. சூட்டைப் பொறுத்தவரை இதில் ஆயிலுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேறு பக்கம் வருகிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குளிர்ந்த நிலையில் கொஞ்சம் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஒட்டி ரிங் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். நீண்ட தூரம் ஓட்டினால் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் ஆபீஸ், திரும்ப நான்கு கிலோமீட்டர் என்று மாதக்கணக்கில் ஓட்டினால் அது சேர்ந்துகொண்டே போகும். எத்தனால் ஆவியாக அதிகச் சூடு தேவைப்படும் என்பதால் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ரீமேப்பில் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றியிருந்தால் இன்னும் வேகமாகச் சேரும். விளைவு, நீங்கள் ஊற்றிய 30 கிரேடு ஆயில் சில ஆயிரம் கிலோமீட்டரில் 20 கிரேடுக்கு இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாடை வந்தாலோ இதைச் சந்தேகப்படுங்கள். இதற்குக் கிரேடை ஏற்றுவதைவிடச் சீக்கிரம் ஆயில் மாற்றுவதே நல்ல மருந்து, வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓட்டுவதும் உதவும்.

அடுத்தது வார இறுதி ஓட்டம். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி வரை ஒரே வேகத்தில் போனால் ஆயில் சற்று ஏறி அங்கேயே நிலைக்கும், முன்னால் காற்று நன்றாக அடிப்பதால் பயமில்லை. கொல்லிமலை வேறு கதை. 70 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாமே ஏற்றம், கார் வேகம் குறைவு, ரேடியேட்டருக்குக் காற்று குறைவு, டர்போ முழுவதும் விழித்திருக்கும். இப்படி ஏறும்போது 115, 120 டிகிரி பார்ப்பது சகஜம். பெங்களூருவே கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு, அதே பூஸ்ட்டை (இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை) கொடுக்க இங்கே டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ட்ராக். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ட்ராக் டே போகிறீர்கள் என்றால், கம்பெனி கூலரோடு வந்த சாதாரணக் காரில் சில லேப்புகளிலேயே ஆயில் 130ஐத் தொட்டுவிடலாம். இங்கேதான் கிரேடு பற்றிய பேச்சுக்கு உண்மையான அர்த்தம் வருகிறது.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். சில ஜெர்மன் கார்களில் மீட்டரிலேயே ஆயில் வெப்பநிலை காட்டும். இல்லாதவர்கள் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி டாங்கிள் ஒன்று வாங்கிப் போனோடு இணைத்துப் பார்க்கலாம், ஆனால் சில கார்களில் சென்சாரே இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்குப் போட்ட எண் வரும், அதை முழுவதும் நம்ப முடியாது. ட்ராக்குக்கு அடிக்கடி போகிறவர்கள் ஃபில்டர் இருக்கும் இடத்தில் சாண்ட்விச் பிளேட் வைத்து வெப்பநிலை, பிரஷர் இரண்டுக்கும் தனி மீட்டர் போட்டுவிடுவது நல்லது. ரிசல்ட்டைக் குறித்துவையுங்கள், ரீமேப்புக்கு முன்னும் பின்னும், ஒரே பாதையில்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கிரேடு தேர்வில் கையில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரே கணக்கு இதில்தான் இருக்கிறது. 110 டிகிரிக்கு மேல் சூடான ஒரு 40 கிரேடு ஆயில், 100 டிகிரியில் இருக்கும் 30 கிரேடு ஆயிலின் அளவுக்கு நீர்த்துவிடும். அதாவது ஒரு கிரேடு ஏற்றம் என்பது தோராயமாக 10 முதல் 15 டிகிரி சூட்டுக்கு ஈடு. ரீமேப்புக்குப் பிறகு உங்கள் ஓட்டத்தில் ஆயில் முன்பைவிட 12 டிகிரி அதிகம் சூடாகிறது என்றால் ஒரு கிரேடு ஏற்றினால் பேரிங்கில் பழைய நிலை திரும்பும். இரண்டு டிகிரிதான் ஏறியிருக்கிறது என்றால், அதே கிரேடில் ஹெச்டிஹெச்எஸ் அதிகமான ஒரு ஆயிலுக்கு மாறினாலே போதும். 30 டிகிரி ஏறியிருக்கிறது என்றால் அது ஆயிலால் தீர்க்க வேண்டிய பிரச்சினையே இல்லை, ஆயில் கூலர் போடுங்கள்.

அப்ரூவலைத் தாண்டிப் போகாதீர்கள்

கிரேடு சரியாக இருந்தும் ஆயில் தவறாக இருக்கலாம். மேனுவலில் கிரேடுக்குப் பக்கத்தில் இருக்கும் நீளமான எண்களைப் பலர் படிப்பதே இல்லை. ஃபோக்ஸ்வேகன் 502 00, 504 00, 508 00, பிஎம்டபிள்யூ எல்எல்-01, எல்எல்-04, மெர்சிடிஸ் 229.5, போர்ஷே ஏ40 என்று வரும். இவை ஒவ்வொன்றும் அந்தக் கம்பெனி தன் இன்ஜினில் வைத்து ஆயிலைச் சோதித்துக் கொடுத்த அனுமதி. டப்பாவில் "அப்ரூவ்டு" என்று இருப்பதும் "பரிந்துரைக்கப்படுகிறது", "ஏற்றது" என்று இருப்பதும் ஒன்றல்ல. பின்னது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. 508 00 சொல்லும் காருக்கு 504 00 ஊற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உங்கள் மாடலின் மேனுவலில் இரண்டும் இருந்தால் யோசிக்காமல் ஊற்றலாம், அதில் ஹெச்டிஹெச்எஸ் 3.5க்கு மேல் வந்துவிடும். ஒன்று மட்டும் இருந்தால், வாரன்ட்டி முடியும் வரை அதிலேயே இருங்கள்.

டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களில் இன்னும் கவனம் தேவை. ஃபோர்டு எகோஸ்போர்ட்டில் வந்த 1.0 லிட்டர் எகோபூஸ்ட் அப்படிப்பட்டது, அதற்கு டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற தரத்தில் 5டபிள்யூ-20 சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஆயிலின் வேதியியல் பெல்ட்டின் ரப்பரோடு ஒத்துப்போக வேண்டும். ரீமேப் போட்டேன் என்பதற்காகக் கிடைத்த 5டபிள்யூ-40ஐ ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் வாயை அடைக்கும் ஆபத்து இருக்கிறது.

ஏபிஐ என்ற அமெரிக்கத் தரநிலையின் எழுத்துகளில் எஸ்பி அல்லது அதற்குப் பின்னால் வந்தது இருக்கிறதா என்று பாருங்கள். 2020 மே மாதம் வந்த எஸ்பியில், சிறிய டர்போ இன்ஜின்களைக் கொல்லும் ஒரு பிரச்சினைக்கான சோதனையும் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில், அதிக பூஸ்ட்டில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் எல்எஸ்பிஐ என்ற நிலை அது. பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் அழுக்கைக் கரைக்க இருக்கும் கால்சியம் வகை டிடர்ஜென்ட் இதைத் தூண்டுவதாகக் கண்டுபிடித்து, ஒரு பகுதியை மக்னீசியத்துக்கு மாற்றினார்கள். ரீமேப் போட்ட காரில், உயர் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பவர்களுக்கு இது கிரேடைவிட முக்கியம். லாரிக்கான 15டபிள்யூ-40 டீசல் ஆயிலை "நல்ல கெட்டி, விலையும் குறைவு" என்று டர்போ பெட்ரோல் காருக்கு ஊற்றுவதை நான் எதிர்ப்பதற்கும் இதுவே காரணம். முழு ரேஸ் ஆயில்களும் தினசரி காருக்கு வேண்டாம், ஒரு ரேஸ் முடிந்ததும் மாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அவற்றில் டிடர்ஜென்ட் குறைவாகவே இருக்கும்.

எனக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால்

ரீமேப் இல்லாத டர்போ கார், ஆபீஸ், மாதம் ஒரு நெடுஞ்சாலைப் பயணம். மேனுவலில் உள்ள கிரேடு, உள்ள அப்ரூவல், அவ்வளவுதான். மேனுவல் இரண்டு கிரேடு அனுமதித்தால் நான் கெட்டியானதை எடுப்பேன், மைலேஜில் இழப்பது மிகக் குறைவு.

ஸ்டேஜ் 1, மலைப்பாதை, எப்போதாவது ட்ராக். ஹெச்டிஹெச்எஸ் 3.5க்குக் குறையாத 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள், இவர்களுக்கு 50 தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. கம்பெனி 0டபிள்யூ-20 மட்டும் சொல்லும் இன்ஜினில் ஸ்டேஜ் 1 போட்டிருந்தால் ஒரேயடியாக 40க்குத் தாவாமல் முதலில் 30க்குப் போய், சூட்டையும் பிரஷரையும் பார்த்து அடுத்த முடிவை எடுங்கள். கிரேடு மாற்றினால் வாரன்ட்டியில் கேள்வி வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம், ரீமேப் போட்டபோதே அந்தக் கேள்வி வந்துவிட்டது என்றாலும்.

ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய டர்போ என்று இன்ஜினைத் திறந்து கட்டியவர்கள் நெட்டில் தேடக் கூடாது. கட்டியவரிடம் பேரிங் இடைவெளி எத்தனை வைத்தார் என்று கேளுங்கள். இடைவெளியை அதிகமாக வைத்துக் கட்டியிருந்தால் 50 நியாயம், கம்பெனி அளவிலேயே கட்டியிருந்தால் 40 போதும். எண் சொல்லத் தெரியாத கராஜிடம் அந்த இன்ஜினைக் கொடுத்திருக்கவே கூடாது.

டர்போ இல்லாத, உயர்ந்த ஆர்பிஎம்மில் சுற்றும் பழைய ஹோண்டா போன்ற கார்களுக்கு, லட்சம் கிலோமீட்டர் தாண்டியிருந்து ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தால், கெட்டியான கிரேடுக்குப் போவதற்கு முன் டேட்டா ஷீட்டில் நோயாக் என்ற எண்ணைப் பாருங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் ஆயிலின் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது அது. ஏபிஐ எஸ்பிக்கு 15 சதவீதம் வரை அனுமதி, ஏ3/பி4க்கு 13. எட்டு, ஒன்பது சதவீதம் உள்ள ஆயிலுக்கு மாறினாலே பாதிப் பேருக்கு டாப்-அப் செலவு குறையும்.

வாங்குவதும் சரிபார்ப்பதும்

பெங்களூருவில் ஜேசி ரோடு முழுக்க உதிரிபாகக் கடைகள், ஆயில் எல்லா இடத்திலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று கம்பெனி இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், பில் வாங்குங்கள், மூடியின் சீல், டப்பாவின் பேட்ச் எண், க்யூஆர் கோடு எல்லாவற்றையும் கடையிலேயே சரிபாருங்கள். சந்தை விலையைவிட ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். கராஜில் பேரல் ஆயில் ஊற்றுவதாகச் சொன்னால் எந்த ஆயில், எந்த அப்ரூவல் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் உங்கள் டப்பாவை நீங்களே எடுத்துப்போய், உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே நாளை யாருக்காவது போலி ஆயிலாகத் திரும்பும்.

புதிய கிரேடு ஊற்றிய பிறகு முதல் வாரம் மூன்று விஷயம் கவனியுங்கள். காலை ஸ்டார்ட்டில் செயின் சத்தம் ஓரிரு நொடிக்கு மேல் நீடிக்கிறதா, நன்றாகச் சூடான பின் ஐடிலில் பிரஷர் எத்தனை, விவிடி சம்பந்தமாகச் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா. பிரஷருக்கு அமெரிக்க ரேஸ் மெக்கானிக்குகள் ஒரு பழைய கணக்கு வைத்திருந்தார்கள், ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ. அளவை மாற்றும் பம்ப் உள்ள புதிய இன்ஜின்களுக்கு அது பொருந்தாது, அங்கே சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே எண். ஆயில் அளவை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேலே ஏற்றாதீர்கள், கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கினால் எந்தக் கிரேடும் உதவாது.

ரீமேப் போட்ட காருக்குக் கம்பெனி சொன்ன 10,000, 15,000 கிலோமீட்டர் இடைவெளியை மறந்துவிடுங்கள், நம்ம ஊர் டிராஃபிக்கில் கிலோமீட்டர் ஓடாமலே இன்ஜின் மணிக்கணக்கில் ஓடுகிறது. 5,000 முதல் 7,000க்குள் மாற்றுவது நல்லது. ட்ராக் டே போய் ஆயில் 130ஐத் தாண்டியிருந்தால் வந்ததும் மாற்றிவிடலாம்.

கடைசியாக, தேர்ந்தெடுத்த ஆயில் சரிதானா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு தடவையாவது பழைய ஆயிலை லேபில் கொடுத்துச் சோதியுங்கள். 100 டிகிரி பாகுத்தன்மை, எரிபொருள் கலந்த சதவீதம், இரும்பு, செம்பு, ஈயம் இவற்றின் அளவு ரிப்போர்ட்டில் வரும். பாகுத்தன்மை கிரேடுக்குக் கீழே இறங்கி எரிபொருளும் அதிகம் என்றால் இடைவெளியைக் குறையுங்கள். எரிபொருள் இல்லாமலே இறங்கியிருந்தால் பாலிமர் அறுந்திருக்கிறது, ஆயிலை மாற்றுங்கள். ஈயமும் செம்பும் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனால் பேரிங்கைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. சாம்பிளை இன்ஜின் சூடாக இருக்கும்போது, டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயில் பாதி இறங்கிய பிறகு சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள், முதலில் வருவதில் அடியில் தங்கிய அழுக்கு கலந்திருக்கும். பாட்டிலின் மேல் ஆயிலின் பெயர், கிரேடு, ஓடிய கிலோமீட்டர், இடையில் எவ்வளவு டாப்-அப் செய்தீர்கள் என்பதை எழுதி ஒட்டிக் கொடுங்கள்.